விழுது நன்றாக வதங்கட்டும்: தெர்மோமிக்ஸ் ஆசியச் சமையல் புத்தகத்தைச் செய்து பார்த்த அனுபவம்

அரைப்பதையும் வேகவைப்பதையும் ஒரே ஜாரில் செய்யும் தெர்மோமிக்ஸ் மெஷினுக்கென்றே எழுதிய ஆசியச் சமையல் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் எங்கள் வீட்டில் சாப்பிடக்கூடிய பக்கங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து வருகிறேன். ஆஸ்திரேலியாவில் அச்சான புத்தகம். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, சீனா, வியட்நாம் எல்லாம் இருக்கின்றன, கடைசியில் கொஞ்சம் இந்தியாவும். மெல்பர்னில் எனக்குத் தெரிந்த பல தமிழ் வீடுகளில் இந்த மெஷின் இருக்கிறது. "புத்தகம் தேறுமா, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அதை நம்பி வாணலியைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். ஏன் என்பதைச் செய்முறையோடு சொல்கிறேன்.

முதலில் மெஷின். என்னிடம் இருப்பது டிஎம்5, 2014-இல் வந்த மாடல். புத்தகம் அதற்கு முந்தைய டிஎம்31-ஐ மனதில் வைத்து எழுதியது. அது 2004-இல் வந்தது. சமையலைப் பாதிக்கிற வித்தியாசம் இரண்டு. டிஎம்31 ஜாரில் 2 லிட்டர்தான் கொள்ளும், டிஎம்5-இல் 2.2 லிட்டர். ஆகவே பழைய புத்தகத்தின் அளவு புது ஜாரில் தாராளமாக அடங்கும். புதுப் புத்தகத்தின் முழு அளவைப் பழைய ஜாரில் போட்டால் பொங்கி வழியும். இன்னொன்று சூடு. டிஎம்31-இல் 50 டிகிரியிலிருந்து 100 வரை பத்துப் பத்தாகத்தான் ஏற்ற முடியும். அதற்கு மேல் ஆவியில் வேகவைப்பதற்கான 'வரோமா' என்று ஒரே ஒரு நிலை. டிஎம்5-இல் 120 வரை ஐந்து ஐந்து டிகிரியாக வைக்கலாம். அந்த ஐந்து டிகிரி எங்கே கைகொடுக்கிறது என்பதைக் காயா செய்யும்போது பார்ப்போம்.

இந்த மெஷினின் பிறப்பையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் புத்தகத்தின் பலமும் பலவீனமும் அங்கிருந்துதான் வருகின்றன. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து ஃபோர்வெர்க் நிறுவனம் 1971-இல் விஎம் 2000 என்ற பெயரில் இதன் முதல் வடிவத்தைப் பிரான்சில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காய்களை வேகவைத்து அதே பாத்திரத்தில் கெட்டியான சூப்பாக அரைத்தெடுப்பது அங்கே அன்றாடச் சமையல். அதற்காக யோசித்த மெஷின் இது. உயரமான, குறுகலான ஜார், அடியில் நான்கு பிளேடு, மேலே இறுக்கமான மூடி. உள்ளே போன ஈரம் உள்ளேயே சுற்றும். சூப்புக்கும் வெள்ளை சாஸுக்கும் இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. ஆனால் தென்கிழக்காசியக் குழம்பு வகைகளில் பாதிக்கு மேல் ஈரம் போய், எண்ணெய் பிரிந்து, அந்த எண்ணெயில் மசாலா வறுபட்டால்தான் ருசி. புத்தகம் தடுக்கி விழும் இடமெல்லாம் இதுதான்.

லக்ஸாவை, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றிய மலேசிய நூடுல்ஸை, எடுத்துக்கொள்கிறேன். புத்தகத்திலேயே எனக்கு அதிகம் வேலை வைத்த பக்கம், இப்போது வீட்டில் அதிகம் செய்கிற பக்கமும் அதுவே.

விழுதுக்கு: ஊறவைத்த காய்ந்த மிளகாய் 50 கிராம், சின்ன வெங்காயம் 150, பூண்டு 20, பேரரத்தை 25, பச்சை மஞ்சள் 15, எலுமிச்சைப்புல் இரண்டு தண்டின் வெளுத்த அடிப்பகுதி, காய்ந்த இறால் 30, பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) 15, மக்கடேமியா கொட்டை 25. மலேசியாவில் கொட்டைக்குப் புவா கெராஸ் போடுவார்கள். அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, வயிற்றைப் புரட்டும். வேகவைத்தே ஆக வேண்டும். மக்கடேமியாவுக்கு அந்தக் கவலை இல்லை. போதாததற்கு அது ஆஸ்திரேலியாவின் சொந்த மரம், எங்கும் கிடைக்கும். புத்தகம் இந்த மாற்றைச் சொன்னது நல்ல யோசனை, கொழகொழப்பும் கெட்டியும் அப்படியே வருகின்றன. பேரரத்தையும் பச்சை மஞ்சளும் ஸ்பிரிங்வேல், ஃபுட்ஸ்கிரே பக்கம் வியட்நாமியக் கடைகளில் வாங்குகிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, 50 கிராம் தண்ணீர் விட்டு, ஸ்பீட் 9-இல் 20 விநாடி அரைக்கச் சொல்கிறது புத்தகம். அரைபடும், சந்தேகமில்லை. ஆனால் எலுமிச்சைப்புல்லின் நார் அப்படியே நிற்கும். சாப்பிடும்போது நாக்கில் துரும்பு மாதிரி தட்டும். நான் செய்கிற வரிசை வேறு. காய்ந்த இறாலை மட்டும் முதலில் ஸ்பீட் 9-இல் பத்து விநாடி ஓட்டிப் பூவாக எடுத்து வைத்துக்கொள்வேன். அப்புறம் எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள். மூன்றையும் நாருக்குக் குறுக்கே, காசு கனத்துக்கும் மெல்லிசாக வெட்டியிருக்க வேண்டும். நீளவாக்கில் வெட்டிப் போட்டால் எந்த பிளேடும் ஒன்றும் செய்யாது. அது மசிந்ததும் கொட்டை, பூண்டு, மிளகாய். நீர் விடுகிற வெங்காயம் கடைசியில்தான். அம்மியில் அரைக்கிறவர்கள் கெட்டியானதை முதலில் வைத்து அரைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தண்ணீர் விடவே வேண்டாம். பிளேடு வெறுமனே சுற்றுகிறது என்றால், தாளிக்க வைத்திருக்கும் எண்ணெயிலிருந்து இரண்டு ஸ்பூன் ஊற்றுங்கள். இப்போது விடும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் அப்புறம் காயவைத்துத்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது வதக்கல். புத்தகத்தின் சொல்படி எண்ணெய் 20 கிராம், 100 டிகிரி, ஸ்பீட் 1, ஐந்து நிமிடம். அந்த அளவில் இறக்கி ஒரு துளி வாயில் வைத்துப் பாருங்கள்: வெங்காயத்தின் பச்சை வாசனை போகவில்லை, பேரரத்தையின் காரம் மூக்கில் ஏறும், பெலாச்சான் தனியாக நிற்கும். இதில் தேங்காய்ப்பாலை ஊற்றி எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அந்தப் பச்சை போகாது.

காரணம் எளிது. அரைத்த விழுதில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை விழுது 100 டிகிரியைத் தாண்டாது, அடியில் எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது ஆவியாவதற்கே போகும். தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு மேலே ஏறும், அப்போதுதான் வெங்காயத்தின் சர்க்கரையும் இறாலின் புரதமும் சேர்ந்து சிவக்கும். அளவுக் கப்பை மூடியில் செருகிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டினால் அது வேகல், வதக்கல் ஆகாது. எண்ணெயையும் புத்தகம் ரொம்பக் கட்டிவிட்டது. உடம்புக்கு நல்லது என்ற எண்ணமாக இருக்கலாம். முந்நூறு கிராமுக்கு மேல் இருக்கும் விழுதுக்கு 20 கிராம் எண்ணெய் எந்த மூலைக்குக் காணும்? தாராளமாக ஊற்றி வதக்கி, பிரிந்து மேலே வருவதைக் கடைசியில் கரண்டியால் எடுத்துவிடலாம். அந்தச் சிவப்பு எண்ணெய் அடுத்த நாள் நூடுல்ஸுக்கு அருமையாக இருக்கும்.

நான் எடுத்துக்கொள்வது எண்ணெய் 80 கிராம், 120 டிகிரி, ஸ்பீட் 1, பதினெட்டு நிமிடம். டிஎம்31 என்றால் வரோமா நிலை. மூடியின் நடுத் துளையிலிருந்து அளவுக் கப்பை எடுத்துவிட்டு, உள்ளே வைக்கும் சல்லடைக் கூடையைத் துளைமேல் வைத்துவிடுவேன். ஆவி தடையில்லாமல் போகும், விழுது சுவரெல்லாம் தெறிக்காது. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஜாரின் சுவரில் ஒட்டியதை வழித்து அடியில் தள்ள வேண்டும். இதில் சோம்பல் கூடாது. சுவரில் ஒட்டியது வதங்காமலே நின்றுவிடும்.

ஜார் பக்கத்திலேயே நின்று பார்த்தால் மாறுவது தெரியும். முதல் சில நிமிடம் துளை வழியே வெள்ளையாக ஆவி வரும், கண் எரியும், உள்ளே சத்தம் தளதளவென்று இருக்கும். பத்து நிமிடம் வாக்கில் ஆவி மெலிந்து சத்தம் சடசடவென்று மாறும். காட்டமான வெங்காய நெடி அடங்கி, வறுத்த இறாலின் வாசம் எழும். ஆரஞ்சாக இருந்த விழுது செங்கல் நிறத்துக்குப் போயிருக்கும். நிறுத்திக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினால், ஒதுக்கிய இடத்தில் சிவப்பு எண்ணெய் ஊறி வர வேண்டும். வரவில்லையா, இன்னும் நாலு நிமிடம். கண்ணை நம்பாதவர்களுக்கு எடை இருக்கிறது. வதக்கும் முன்னும் பின்னும் ஜாரோடு தனித் தராசில் வைத்துப் பாருங்கள். ஜாரின் எடை போக 410 கிராம் இருந்தது 300 பக்கம் இறங்கியிருந்தால் போதிய தண்ணீர் போய்விட்டது.

இதற்கப்புறம் புத்தகம் சொல்வதை அப்படியே செய்யலாம். சிக்கன் ஸ்டாக் ஊற்றிக் கொதித்ததும் தேங்காய்ப்பால், கடைசி ஐந்து நிமிடம் 90 டிகிரியில். நூடுல்ஸும் பொரித்த டோஃபுவும் ஜாருக்குள் போகவே வேண்டாம், கிண்ணத்தில் வைத்து மேலே குழம்பை ஊற்றினால் போதும்.

தாய் பச்சைக் கறியிலும் இதே சிக்கல்தான், கொஞ்சம் வேறு முகத்தோடு. அங்கே விழுதைத் தேங்காய்ப்பாலின் எண்ணெயில் வதக்குவது வழக்கம். கெட்டிப் பாலை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, திரிந்து எண்ணெய் மிதந்ததும் அதில் விழுதைப் போடுவார்கள். புத்தகம் பாலையும் விழுதையும் ஒன்றாகவே ஜாரில் போடச் சொல்கிறது. நான் 200 கிராம் கெட்டிப் பாலை மட்டும் 120 டிகிரி, ஸ்பீட் 1, கப் இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டுகிறேன். எந்த டின் வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். லேபிளைத் திருப்பிப் படியுங்கள். தேங்காய், தண்ணீர் இரண்டு மட்டும் இருந்தால் எண்ணெய் பிரியும். குவார் கோந்து, எமல்சிஃபையர் என்று ஏதாவது இருந்தால் மணிக்கணக்கில் காய்ச்சினாலும் பிரியாது, அது பிரியாமல் இருக்கத்தானே சேர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட டின்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு விழுதை வதக்கிக்கொள்ளலாம், ருசியில் பெரிய குறை வராது.

பச்சைக் கறி விழுது செய்யும்போது அளவைக் குறைக்காதீர்கள். நாலு பேருக்குத் தேவையான விழுது அறுபது, எழுபது கிராம்தான். அவ்வளவு கொஞ்சமாகப் போட்டால் முதல் சுற்றிலேயே சுவரில் பறந்து ஒட்டிக்கொள்ளும், பிளேடுக்கு ஒன்றும் அகப்படாது. 200 கிராமுக்குக் குறையாமல் அரைத்து, மீதியைச் சிறு டப்பாக்களில் உறையவைத்துவிடலாம். கொத்தமல்லி வேரை விடாமல் போடுங்கள். புத்தகம் தண்டு போதும் என்கிறது, போதாது. கடைகளில் வேரோடு கட்டாக விற்கிறார்கள், மண் போக அலசிச் சுரண்டினால் சரி.

ரெண்டாங் பக்கத்தோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய உணவு அது. மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காகக் காய்ச்சி, பால் முழுக்க வற்றி, அதன் எண்ணெயிலேயே கறி வறுபட்டுக் கருப்பழுப்பாக ஆகும்வரை கிளறுவார்கள். பால் வற்றாமல் குழம்பாக இருக்கும் நடுக்கட்டத்துக்கு அங்கேயே கலியோ என்று தனிப் பெயர் உண்டு. புத்தகம் ஒரு மணி நேரம் ஜாரில் ஓட்டிவிட்டு ரெண்டாங் தயார் என்கிறது. கிடைப்பது கலியோ. நல்ல கலியோதான், சோற்றோடு பிசைந்து சாப்பிட்டால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டாங் வேண்டுமென்று பக்கத்தைத் திறந்தவருக்கு அது பதில் இல்லை.

குறுகலான ஜாரில் ஒரு கிலோ கறியும் 800 மில்லி பாலும் போட்டால் ஆவி வெளியேற இருப்பது மேலே உள்ள அந்த ஒரே துளை. வற்றும்வரை ஓட்டினால் அதற்குள் பிளேடு கறியை நார் நாராகக் கிழித்துவிடும், வெட்டாமல் கிளற பிளேடு எதிர்ப்பக்கமாகச் சுற்றும் ரிவர்ஸில் ஓடினாலும்கூட. ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டேன். விழுது அரைப்பதும் வதக்குவதும் ஜாரில். கறியும் பாலும் சேர்ந்து வேகும் முதல் ஒரு மணி நேரமும் ஜாரில், 100 டிகிரி, ரிவர்ஸ், மெல்லக் கிளறும் கரண்டி ஸ்பீட். கறித் துண்டு நாலு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதன்பின் எல்லாவற்றையும் அகலமான இரும்பு வாணலியில் கொட்டி, மிதமான தீயில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். முதல் பாதி நேரம் அவ்வப்போது கிளறினால் போதும். எண்ணெய் மேலே வந்த பிறகு பக்கத்தை விட்டு நகரக் கூடாது. மலேசியப் பாணியில் கெரிசிக் சேர்ப்பதானால் மெஷின் திரும்பவும் உதவும்: தேங்காய்த் துருவலை வாணலியில் பொன்னிறத்துக்கு மேலாகவே வறுத்து, ஜாரைக் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் ஸ்பீட் 8-இல் அரைத்தால் எண்ணெய் கக்கிக்கொண்டு பசையாக வரும். உரலில் இடித்தால் அரை மணி நேரமாகும் வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது.

குறை சொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். காயா பக்கத்துக்காக மட்டுமே இந்தப் புத்தகத்தை வாங்கலாம்.

சிங்கப்பூர், மலேசியக் காப்பிக் கடைகளில் வாட்டிய ரொட்டியில் வெண்ணெயோடு தடவித் தருகிற தேங்காய் முட்டை ஜாம்தான் காயா. முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, பாண்டான் இலை. இலங்கையில் ரம்பை என்பார்களே, அந்த இலைதான். பொருள் நாலே நாலு. அடுப்பில் செய்தால் கையை எடுக்காமல் கிளற வேண்டும். ஒரு நிமிடம் திரும்பினால் முட்டை திரிந்து பொடிமாஸ் ஆகிவிடும். சீரான சூடு, ஓயாத கிளறல் என்ற இரண்டையும் இந்த மெஷினைப் போல மனிதக் கை செய்ய முடியாது. ஐந்து முட்டை, 250 கிராம் கெட்டித் தேங்காய்ப்பால், 200 கிராம் சர்க்கரை, பாண்டான் இலையை அரைத்துப் பிழிந்த சாறு நாலு ஸ்பூன். முதலில் சூடில்லாமல் ஸ்பீட் 4-இல் கலந்து, முட்டை வெள்ளை திரிதிரியாக நிற்காமல் ஒருமுறை வடிகட்டி, திரும்ப ஜாரில் ஊற்றி ஸ்பீட் 3.

சூடுதான் கேள்வி. புத்தகம் 90 டிகிரி என்கிறது. பழைய மாடலில் 80 விட்டால் 90 என்பதால் அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. 80-இல் கெட்டிப்பட ரொம்ப நேரம் பிடிக்கிறது, 90-இல் அடியில் குருணை தட்டுகிறது. 85-இல் முப்பத்தைந்து நிமிடம் வைத்தால் கரண்டியில் கனமாகப் படிந்து வழுக்கென்று இறங்குகிறது. டிஎம்31 வைத்திருப்பவர்கள் 80-இல் ஐம்பது நிமிடம் வைக்கலாம், அவசரமில்லாத நாளாகப் பார்த்து. லேசாகக் குருணை தட்டினாலும் கடைசியில் ஸ்பீட் 7-இல் பத்து விநாடி ஓட்டினால் மசிந்துவிடும். ஆறும்போது இன்னும் இறுகும், ஆகவே கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே நிறுத்துவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் மிஞ்சாது.

அதே குணத்தால் சீனக் கஞ்சியும் அருமையாக வருகிறது. ஊறவைத்த அரிசி 100 கிராம், ஸ்டாக் 1200 கிராம், 100 டிகிரி, ரிவர்ஸ், ஸ்பீட் 1, நாற்பது நிமிடம். அடிப்பிடிக்காது, கிளற ஆள் வேண்டாம். உடம்பு சரியில்லாத நாளில் படுத்துக்கொண்டே சமைக்கலாம்.

ஆவியில் வேகவைப்பதற்கு ஜாருக்கு மேல் உட்காரும் வரோமா தட்டு ஹைனான் சிக்கன் ரைஸ் பக்கத்தில் தன் முழுத் திறமையையும் காட்டுகிறது. கீழே ஜாரில் இஞ்சி, வெங்காயத்தாள் போட்ட தண்ணீர். மேலே தட்டில் உப்புத் தேய்த்த முழுக் கோழி. கோழியின் சாறு சொட்டிச் சொட்டிக் கீழே இறங்கி, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஸ்டாக்காக மாறியிருக்கும். இப்படி அடுக்கிச் சமைப்பதை நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை: கோழி 1.2 கிலோவுக்கு மேல் போனால் மூடி சரியாக உட்காராது, ஆவி பக்கவாட்டில் தப்பிவிடும். தண்ணீர் அரை மணி நேரத்துக்கு அரை லிட்டர், அதற்கு மேல் கால் மணிக்குக் கால் லிட்டர் என்று கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வேண்டும். வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். 75 டிகிரி காட்டினால் எடுக்கலாம். எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் முக்கினால் தோல் இறுகி, அடியில் ஜெல்லி கட்டும். புத்தகம் இந்த ஐஸ் குளியலை விட்டுவிட்டது. அதைச் செய்தால்தான் கடையில் வருகிற வழவழப்பு வரும்.

அரிசி விஷயத்தில் மட்டும் புத்தகத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. சல்லடைக் கூடையில் அரிசியைப் போட்டு, சுற்றித் தெறிக்கும் ஸ்டாக்கில் வேகவைக்கச் சொல்கிறது. சோறு வெந்துவிடும், உதிரியாகவும் இருக்கும். ஆனால் சிக்கன் ரைஸின் உயிரே கோழிக் கொழுப்பில் இஞ்சி பூண்டோடு அரிசியை வறுத்து, அளந்த ஸ்டாக்கை அரிசியே உறிஞ்சும்படி வேகவைப்பதில் இருக்கிறது. கூடை முறையில் கொழுப்பும் மணமும் பாதி தண்ணீரோடு போய்விடும். அரிசியை வாணலியில் வறுத்து ரைஸ் குக்கருக்கு மாற்றிவிடுங்கள். மிளகாய், இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கோழி ஸ்டாக் சேர்த்த அந்த ஆரஞ்சுச் சட்னியை மட்டும் ஜாரில் ஸ்பீட் 6-இல் அரைத்துக்கொள்ளலாம். கொரகொரப்பாக இருந்தால்தான் கோழித் துண்டில் ஒட்டும்.

பாவோ என்ற சீன ஆவி பன்னுக்கு மாவைப் பிசைய மூன்று நிமிடம் போதும், கை படாமல் பட்டாக வருகிறது. வேகவைக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வரோமா மூடியின் உட்புறம் திரளும் நீர் சொட்டி, பாவோவின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் விழுந்துவிடும். மெல்லிய பருத்தித் துணியை மூடிக்கடியில் இழுத்துக் கட்டி, நுனிகளை மேலே மடித்து முடிந்துவிட்டால் நீரை அது குடித்துவிடும். இட்லித் துணி இருக்கிற வீட்டில் இதற்கு வேறெங்கும் தேட வேண்டாம். நேரம் முடிந்ததும் மூடியைச் சட்டென்று திறக்காமல், ஓரத்தில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி நாலைந்து நிமிடம் விட்டால் பாவோ சுருங்காது.

இனி நான் செய்யவே போகாத பக்கங்கள். சார் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸ் வறுவல், ஃபிரைட் ரைஸ், மாட்டிறைச்சி வதக்கல் மூன்றையும் இந்தப் புத்தகத்தில் சேர்த்திருக்கவே வேண்டாம். அவற்றுக்கு 200 டிகிரியைத் தாண்டிச் சிவக்கக் காய்ந்த வாணலி வேண்டும். பொருளைத் தூக்கிப் போடும்போது ஈரம் நொடியில் ஆவியாகி, எண்ணெய் புகைந்து வருகிற அந்த வாசம்தான் அந்தச் சாப்பாடு. 120 டிகிரி ஜாரில் நூடுல்ஸ் ஆவியில் ஊறிக் கொழகொழக்கும், பிளேடு அதைத் துண்டு துண்டாக்கும். 2019-இல் வந்த டிஎம்6-இல் 160 டிகிரி வரை போகலாம், அதுவும் திரையில் வழிகாட்டும் சில செய்முறைகளுக்கு மட்டும். வெங்காயம் சிவக்க அது உதவும். குறுகலான ஜார் அப்போதும் குறுகல்தான். தெர்மோமிக்ஸை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அதற்காகச் செய்த மெஷின் இல்லை. எழுதியவர்கள்தான் அந்தப் பக்கங்களுக்கு "வாணலியில் செய்யவும்" என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இந்தியப் பகுதி ஒன்பது, பத்துப் பக்கம். கறிப் பவுடரும் பட்டர் சிக்கனுமாக இருக்கிறது. தமிழ் வீட்டுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை என்பது என் கருத்து.

அளவு பற்றி முக்கியமாக ஒன்று. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 15 மில்லி. மூன்று டேபிள்ஸ்பூன் மீன் சாஸ் என்றால் இங்கே 60 மில்லி, அங்கே 45. உப்பு அதிகமுள்ள பொருளில் இந்த வித்தியாசம் குழம்பையே மாற்றும். இந்தப் புத்தகத்தை ஊருக்கு எடுத்துப் போகிறவர்களும், வெளியூர்ப் புத்தகத்தை இங்கே வைத்துச் சமைக்கிறவர்களும் எது எங்கே அச்சானது என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினின் தராசையும் எல்லாவற்றுக்கும் நம்ப வேண்டாம். டிஎம்5 தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும்; 3 கிராம் சீரகம் அதன் கண்ணுக்கே தெரியாது. சின்ன அளவுகளுக்கு டீஸ்பூனோ நகைத் தராசு மாதிரி ஒரு சிறு தராசோ வைத்துக்கொள்வது உத்தமம்.

கடைசியாகக் கழுவும் வேலை. பச்சை மஞ்சள் பட்டால் சல்லடைக் கூடையும் வரோமா தட்டும் மஞ்சளாகிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கழுவிவிட்டு நல்ல வெயிலில் ஒரு பகல் வையுங்கள். மஞ்சளின் சாயம் வெயிலுக்குத் தாங்காது, தானாக வெளுக்கும். பெலாச்சான் வாடைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் கால் கப் வினிகர் விட்டு, 100 டிகிரியில் பத்து நிமிடம் ஓட்டினால் ஜார் சுத்தமாகிவிடும். மூடியின் விளிம்பில் உள்ள சிலிக்கான் வளையம் மட்டும் வாடையை விடாது. அது தனியாகக் கழற்றக்கூடிய மாடலாக இருந்தால் ஒரு வளையம் உபரியாக வாங்கிவைத்து, கஞ்சிக்கும் காயாவுக்கும் அதை மட்டும் போடுங்கள். லக்ஸா வதக்கிய வளையத்தோடு காயா கிளறினால் ரொட்டியில் இறால் மணக்கும்.